கப்பலில் இருந்த தண்ணீர்த் தொட்டி

டொக், டொக் என்று இரண்டு தட்டு. முதல் தட்டுக்குக் குழந்தைகள் நாங்கள் அடங்குவோம், இரண்டாவதுக்குப் பெரியவர்கள் அடங்குவார்கள். தட்டுவது ஓர் இரும்புச் சாவி. இடுப்பளவு நீளம், மேலே குறுக்காக ஒரு பிடி, கீழே சதுரமாக ஒரு குழி. தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வால்வைத் திருகித் திறப்பதற்கானது. எங்கள் ஊரில் அதை வைத்திருந்தவர் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். அவர் தட்டியது தொலைக்காட்சிப் பெட்டி இருந்த இரும்புக் கூண்டின் கதவை. அதற்குப் பிறகு எழும் ஒரே குரல் அவருடையது. அது எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "இன்னா சொல்றாருன்னா..."

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி உள்ளே போகும் ஊர் எங்களுடையது. சாமையும் மரவள்ளியும் விளையும். மேல்நிலைத் தொட்டி, அதன் காலடியில் மோட்டார் அறை, மோட்டார் அறையின் சுவரிலேயே டிவிக் கூண்டு. மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் மூன்று சாவியும் ஒரே ஆளிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது மணிக்குத் தண்ணீர் திறப்பார். பத்து மணிக்கு வால்வை மூடிவிட்டுக் கூண்டைத் திறப்பார். குடத்தை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பத்து மணிக்கு வந்தது ஓர் இந்தித் தொடர். விண்வெளியில் ஒரு கப்பல், வாரம் ஒரு கிரகம், தாடி வைத்த ஒரு கேப்டன். நாங்கள் பிறப்பதற்கு வெகுநாள் முன்பே எடுத்தது. எங்களுக்கு வந்தது மறு ஒளிபரப்பு. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. 'கப்பல்' என்றால் போதும்.

ஆபரேட்டர் எனக்கு மாமன் முறை. கல்யாணத்துக்கு முன்பு போர்வெல் லாரியில் வடக்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அவர் திரும்பி வருவதற்குள் அவருக்கு இந்தி தெரியும் என்ற செய்தி மலை ஏறிவிட்டது. அதை அவர் பரப்பவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். மறுக்கவில்லை என்பதையும் அதே நியாயத்துக்காகச் சொல்கிறேன். ஊரில் மற்றவர்கள் காபித் தோட்டங்களுக்குப் போய் வந்தவர்கள்; அவர்களுக்குக் கன்னடமும் மலையாளமும் கொஞ்சம் வரும். ஒருமுறை கேரளாவிலிருந்து திரும்பிய ஒருவர், "அந்தம்மா வேற என்னமோ சொல்றாப்ல கீதே" என்று சந்தேகம் கிளப்பினார். ஆபரேட்டர் சாவியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"உங்க மொதலாளி உன்ன எதுல திட்டுவாரு?"

"மலையாளத்துல."

"அப்ப மலையாளப் படம் வரும்போது எழுந்து பேசு. இப்ப குந்து."

அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

கேப்டன் ஜன்னல் வழியாகச் சிவப்பான ஒரு கிரகத்தைப் பார்த்துக்கொண்டு, கண் கலங்க, நெடுநேரம் பேசுவார். பேசி முடித்ததும் எல்லாத் தலைகளும் திரும்பும். "இன்னா சொல்றாருன்னா, பள்ளத்துல கீறவன் ஜாஸ்தி புடிச்சிக்கினான், மேட்டுக்குத் தண்ணி ஏறல." யாராவது ஒரு பெண், "இவ்ளோ நேரம் பேசுனாரு, சொன்னது இவ்ளோதானா?" என்று கேட்பாள். "இந்தில அப்டித்தாம்மா. ஒண்ணு சொல்றதுக்கு ஒம்போது சொல்லுவாங்க." அடுத்த வாரம் அதே கேப்டன் ஒரே ஒரு வார்த்தை சொன்னபோது, மோட்டாரில் 'காயில்' என்னும் கம்பிச் சுருள் புகைவது ஏன், அதைத் தடுக்க ஊர் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினார். அன்று யாரும் அளவைப் பற்றிக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வாரம்தான் எங்கள் ஊர் மோட்டாரும் புகைந்திருந்தது.

இப்படியாகப் பழைய காலத்துக் கப்பலை நாங்கள் முழுமையாகத் தெரிந்துகொண்டோம். கப்பலின் நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டி நிரம்பினால் கதை சுபம், வற்றினால் தொடரும். கப்பலே உருண்டையாக, நான்கு கால்களோடு, எங்கள் மேல்நிலைத் தொட்டியைப் போலத்தான் இருந்தது என்பதால் இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறவன். அவனை எல்லோரும் வெறுத்தோம். யாராவது இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டால் ஆபரேட்டர் ஒரு கணமும் தயங்கமாட்டார். "அண்ணன் தங்கச்சி. ரொம்ப நாள் கழிச்சிப் பாத்துக்கறாங்க." கேப்டனும் வெள்ளைக் கோட்டு டாக்டரும் அப்படித்தான் அண்ணன் தங்கை ஆனார்கள். கட்டிப்பிடிப்பு நீண்டுகொண்டே போனால், "ரொம்ப ரொம்ப நாள் கழிச்சி" என்பார்.

எனக்குப் பிடித்தவள் ஒருத்தி இருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, இடுப்பில் ஸ்பேனர். தரையில் இருக்கும் மூடியைக் கழற்றி உள்ளே இறங்குவாள், கம்பிகளை வெட்டுவாள், முகத்தில் கரியோடு வெளியே வருவாள். "இவங்கதான் மோட்டார் இன்ஜினீயரம்மா. இவங்க இல்லன்னா கப்பல் நகராது" என்று ஆபரேட்டர் சொன்ன அன்று, என் முடியை அதே மாதிரி வெட்டிவிடச் சொல்லி அம்மாவிடம் அடம் பிடித்தேன். முடி தப்பித்தது. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்ததும் எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் மின்னியல் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஊருக்குள்ளும் கப்பல் வேலை செய்தது. குழாய் சொட்டினால் யாராவது ஒரு பிள்ளை ஓடிப்போய் மூடும். "கேப்டன் திட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே மூடும்.

வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்ததும் கூண்டுக்கு வேலை இல்லாமல் போனது. கப்பலையும் மறந்தோம். பல வருடம் கழித்துக் கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் கைபேசியில் அதை மறுபடி பார்த்தேன். அதே கப்பல் கதையைப் புதிதாக எடுத்திருந்தார்கள்; புதிய நடிகர்கள், நல்ல தமிழ்க் குரல். முதலில் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது பகுதியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கப்பலுக்குள் யாரும் விளக்குப் போடுவதில்லை. எல்லோரும் காதோடு காதாகப் பேசுகிறார்கள். கேப்டனுக்குத் தாடி இல்லை, அப்பா இல்லாத துக்கம் மட்டும் இருக்கிறது. அதை மூன்று பகுதிகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஏதாவது உடைந்தால் கப்பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஸ்பேனர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இத்தனை பேர் மாதக்கணக்கில் பயணம் செய்கிறார்களே, இவர்கள் குடிப்பது எதை?

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. மளிகைக்கும் போடுவேன், மனக்குறைக்கும் போடுவேன். 'பழைய கப்பலும் புதிய கப்பலும்: பதினான்கு வேறுபாடுகள்' என்று தலைப்பிட்டு, வரிசை எண் கொடுத்து, அந்தத் தொடரின் தமிழ் ரசிகர் குழு ஒன்றில் பதிவிட்டேன். ஐந்தாவது, தண்ணீர்த் தொட்டி நீக்கப்பட்டது பற்றி. எட்டாவது, கேப்டனுக்கும் அவருடைய தங்கைக்கும் இருந்த பாசம் புதியதில் இல்லாதது பற்றி. பதினொன்றாவதை ரொம்ப யோசித்து எழுதியிருந்தேன்: ஒரு பெண் பொறியாளரை அந்தக் காலத்திலேயே காட்டிய துணிச்சல் இன்று எங்கே போனது?

மறுநாள் காலையில் பதில்கள் வந்திருந்தன. கப்பலில் எந்தக் காலத்திலும் தண்ணீர்த் தொட்டி இருந்ததில்லை. அந்த டாக்டர் கேப்டனின் தங்கை இல்லை, மனைவி. மஞ்சள் சட்டைக்காரன் ஒரு கவிஞன். "பதினொன்றாவது பற்றி" என்று ஒருவர் தனியாக, மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். "அந்தப் பெண் எதிரிக் கிரகத்தின் உளவாளி. மொத்தத் தொடரிலும் அவர் ஒரு பொருளைக்கூடப் பழுது பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பழுதாக்கினார்." பதினான்கில் தேறியவை இரண்டு: பழைய கேப்டனுக்குத் தாடி இருந்தது, பழைய கப்பல் உருண்டையாக இருந்தது. நான் குழுவிலிருந்து விலகினேன். ஒரு நாசகாரியைப் பார்த்து வாழ்க்கையை அமைத்துக்கொண்டவள் நான் என்பதை விடுதியில் யாரிடமும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து, கள்ளக்குறிச்சியில் சோலார் பம்பு பொருத்தும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். இதற்கிடையில் எங்கள் ஊர்ப் பக்கம் கைபேசிக் கோபுரம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது: பழைய கப்பல் முழுவதையும் தமிழில் குரல் மாற்றி வெளியிட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவிக்கு அது தெரிந்ததும், பள்ளிக்கூடத்து ஹாலில் திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். புரொஜெக்டர் வாடகைக்குச் சொல்லியாயிற்று. கணினியோடு நான் வர வேண்டும்.

அடுத்த வாரமே ஆபரேட்டர் மாமா என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் பலாப்பழம், இன்னொரு கையில் வால்வுச் சாவி. கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பம்பு வாங்க வந்தவர் என்று நினைத்து அலுவலகத்தில் டீ கொடுத்துவிட்டார்கள். டீ குடித்த கடமைக்கு அவரும் அரை மணி நேரம் பம்பு விசாரித்தார். ஐந்து குதிரைத்திறனா, ஏழரையா, மழை நாளில் தண்ணீர் ஏறுமா. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாப்பா, அந்தப் படம் தமிழ்லயே வந்துட்ச்சாமே."

"ஆமா மாமா."

"போடாத."

என் பதினான்கு வேறுபாடுகளும் தொண்டையில் வரிசையாக நின்றன.

"ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. சிரிப்பானுங்க, அவ்ளோதான். அத்தைக்குத் தெரியக்கூடாது. இந்தி தெரிஞ்ச மாப்ளன்னு சொல்லித்தான் அவுங்க அப்பா பொண்ணு குடுத்தாரு. அவளும் எங்க போனாலும் 'எங்க வூட்டுக்காருக்கு இந்தி தெரியும்'னு சொல்லிக்கினு கீறா. ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கப் போனாகூடச் சொல்றா."

"உங்களுக்கு எவ்ளோ இந்தி தெரியும் மாமா?"

விரல் விட்டு எண்ணினார். "தண்ணி. கல்லு. எத்தினி அடி. நிறுத்து. லாரியில கூட வந்தவன் எல்லாம் நம்ம சங்கராபுரத்துப் பசங்க. வேற யாராண்ட பேசுறது?"

பதினொன்றாவது வேறுபாட்டை நான் கேட்டே விட்டேன். "அந்தக் குட்டை முடிக்காரிய எதுக்கு இன்ஜினீயர்னு சொன்னீங்க?"

அவர் குழப்பத்தோடு பார்த்தார். "ஸ்பேனர் வச்சிக்கினு இருந்துச்சே. ஸ்பேனர் புடிச்சவ ரிப்பேர் பண்ணாம வேற இன்னா பண்ணுவா?"

உளவாளி என்று அந்தத் தொடரை எடுத்தவர்களே சொன்னாலும், இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. கோபம் பாதி இறங்கியது. மீதிக்குப் பலாப்பழம் இருந்தது.

நிறுத்த முடியாது என்று அவருக்கு விளக்கினேன். நான் வராவிட்டால் வேறு யாராவது கைபேசியில் போட்டுக் காட்டிவிடுவார்கள். வேண்டுமானால் எந்தப் பகுதியைப் போடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரம் உட்கார்ந்து இருபத்தாறு பகுதிகளையும் பார்த்து அட்டவணை போட்டேன். தண்ணீர் சம்பந்தமான ஆபத்து, குட்டை முடிக்காரி சம்பந்தமான ஆபத்து, மஞ்சள் சட்டை சம்பந்தமான ஆபத்து என்று மூன்று கட்டம்; ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றது ஒன்பதாவது பகுதி. கேப்டனும் டாக்டரும் ஒரு குகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சு குறைவு, பாறைகள் அதிகம், குழாயும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. அட்டவணையை நானே இரண்டு முறை சரிபார்த்தேன். நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும் என்பது ஹாலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பத்து மணி. ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். குடத்தோடு அன்று உட்கார்ந்த பெண்களும், அன்று தரையில் புரண்ட நாங்களும், எங்களில் சிலருடைய பிள்ளைகளும். ஆபரேட்டர் கடைசி வரிசையில் சுவரோரமாக, சாவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அத்தை, புதுப் புடவையில். முதல் பத்து நிமிடம் குகை, பாறை, வௌவால். "கிராபிக்ஸு நல்லாதான் இருந்துக்குது அப்பவே" என்று யாரோ பாராட்டினார்கள். பிறகு குகைக்குள் விளக்கு அணைந்தது. கேப்டன் டாக்டரை இழுத்து அணைத்துக்கொண்டார். "அண்ணன் தங்கச்சி" என்று நான்கைந்து பேர் பழக்கத்தில் சொன்னார்கள். திரையில் கேப்டன் கணீரென்ற தமிழில் பேசினார்: "நம் முதலிரவை நினைத்துக்கொள், கண்ணே. அச்சம் அகன்றுவிடும்."

ஹாலில் சத்தம் மொத்தமாக வந்தது.

"அடச்சீ! நிறுத்து அத!"

"கூடப் பொறந்தவள... இன்னா கருமம்டா இது!"

"கொழந்தைங்க கண்ண மூடுங்கடி!"

நான் நிறுத்தினேன். தார்ப்பாயை அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்ததும் ஊர் முழுக்கக் கடைசி வரிசையைத்தான் பார்க்கும் என்று நினைத்தேன். பார்த்தார்கள்தான், ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. குழுத் தலைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எவன் தமிழ்ல மாத்துனான் இத? நம்ம ஆபரேட்டரு அந்தக் காலத்துலயே எவ்ளோ சரியா சொன்னாரு! இவனுங்களுக்கு இந்தியே தெரியல. தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. முக்கியமானதெல்லாம் வுட்டுட்டு, அசிங்கத்த சேத்து வச்சிக்கினு கீறானுங்க. நாளைக்குத் திங்கக்கெழம. கலெக்டராபீஸ்ல மனு குடுத்துடுவோம்."

மனு என்றதும் ஹாலுக்கு உயிர் வந்தது. நோட்டு வந்தது, பேனா வந்தது. அண்ணன் தங்கை உறவைக் கொச்சைப்படுத்தியது, தண்ணீர்த் தொட்டியை மறைத்தது என்று இரண்டு புகார்கள் எழுதப்பட்டன. சாட்சிக் கையெழுத்து ஆபரேட்டர். "அங்க இந்தி தெரிஞ்ச ஆபீசருங்க இருப்பாங்க. நீங்களே அவுங்களாண்ட இந்திலயே பேசிடுங்க" என்று நோட்டை அவரிடம் நீட்டினார் தலைவி. அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று பக்கத்தில் விசாரித்தார்.

ஆபரேட்டர் மாமா எழுந்து நின்றார். சாவியை ஊன்றிக்கொண்டார். என்னைப் பார்த்தார். என்னிடம் அதற்கான கட்டம் எதுவும் இல்லை.

"எனக்கு இந்தி தெரியாது" என்றார்.

தலைவி நோட்டை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றார்.

"தெரியாதுங்க. அன்னிக்கும் தெரியாது. நானா சொன்னேன் எல்லாம். படத்துல இன்னா பேசுனாங்கன்னு எனக்கு இன்னிக்குதான் தெரியும்."

கேரளாவுக்குப் போய் வந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவருடைய மனைவி தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தார்கள். அவர் கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மறந்துட்டாரு" என்றார்.

"இல்ல புள்ள, நான்..."

"பேச ஆளில்லாம மறந்துபோச்சி. அவ்ளோ நல்லா பேசிக்கினு இருந்த மனுசன்." ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "என்னாண்டயாவது பேசியிருக்கலாம் இல்ல? நாளையிலருந்து வூட்ல இந்திதான். திரும்பக் கத்துக்க."

ஹால் பெருமூச்சு விட்டது. வயதானால் எல்லாம்தான் மறக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். தலைவி வருத்தத்தோடு நோட்டை மூடினார். இந்தி மறந்துபோன சாட்சியை வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போக முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஊரறிய உண்மையைச் சொன்ன மனிதர், அதை ஒருவரும் வாங்கிக்கொள்ளாமல், வால்வை மூட நேரமாகிவிட்டது என்று சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பள்ளிக்கூடத்து வாசலில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் போகிற போக்கில் அதைத் திருகி மூடினார். அவர் வாய்க்குள் என்ன முனகினார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் ஆபரேட்டர் மாமா என்னைக் கைபேசியில் கூப்பிட்டு, இந்தி கற்றுக்கொடுக்கும் செயலி ஏதாவது உண்டா என்று கேட்டார். இறக்கிக் கொடுத்தேன். இப்போது ஒரு வருடம் ஆகப் போகிறது. அத்தை தினமும் காலையில் அவரை எதிரில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறாராம். பேசுவது சரியா தவறா என்று அத்தைக்குத் தெரியாது. நிறுத்தாமல் பேசுகிறாரா என்று மட்டும் பார்க்கிறாராம். நான் பழைய அட்டவணையை அழிக்கவில்லை. கட்டிப்பிடிப்பு சம்பந்தமான ஆபத்து என்று நான்காவது கட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் புதிய கப்பலின் அடுத்த பருவம் வெளியானது. இந்தியில் முதலில் வந்துவிட்டது; தமிழுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். வெளியான அன்று மாலை நான் பம்பு ஒன்றைச் சோதித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது, மாமாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. முதலில் டொக், டொக் என்று இரும்பு எதிலோ இரண்டு முறை தட்டும் சத்தம். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"இன்னா சொல்றாருன்னா..." நீண்ட இடைவெளி. பின்னால் யாரோ இந்தியில் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "சின்ன வயசுல அவுங்க அப்பா இவர வுட்டுட்டுப் போயிட்டாராம். அத நெனச்சிச் சொல்லிக்கினு கீறாரு. நாம யாரையும் அப்டி வுட்டுட்டுப் போவக்கூடாதுன்றாரு."

இரண்டு வாரம் கழித்துத் தமிழில் பார்த்தேன். ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை. ஆனால் அன்று அந்தப் பதிவு அங்கே முடியவில்லை. ஒரு பெருமூச்சு இருந்தது.

"அவ்ளோதான் பாப்பா. ஒரு மணி நேரமா பாத்துக்கினு கீறேன். ஒருத்தனும் தண்ணியப் பத்தியே பேசமாட்றான்."

அதற்கும் பின்னால், கொஞ்சம் தூரத்தில், அத்தையின் குரல் கேட்டது: "நல்லா கேட்டுச் சொல்லுங்க. பேசியிருப்பாங்க."